எள் என்று நினைத்தோம்

எங்கள் கிணற்று வாரியில் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் ஏற மாட்டார்கள். வாரி என்றால், எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுக்கிற கவலையை இறைக்கும்போது எருதுகள் இறங்கி ஏறுகிற மண் சரிவு. கிணற்று மேட்டில் ஏழு கல்லை நட்டுக் கன்னிமார் என்று கும்பிட்டு வந்தோம். அந்தக் கல்லுக்கு முன்னால் தோல் செருப்பு ஆகாது. கிணற்றில் தண்ணீர் மொண்டு வருகிற பறியும் எருமைத்தோல்தானே, அது ஆகுமா என்று நான் சின்ன வயதில் கேட்டதுண்டு.

கவலை ஓட்டுவதை இப்போது எங்கேயும் பார்க்க முடியாது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எருதுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நம் பாரமும் சேர்ந்து பறியை மேலே இழுக்கும். தண்ணீர் தொட்டியில் கொட்டியதும் எருதுகளைத் திருப்பாமல் பின்னாலேயே நடத்தி மேலே ஏற்ற வேண்டும். எருது பின்னால் வரும், ஆளும் பின்னால் நடப்பான். ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது தடவை இப்படிப் போய் வரவேண்டும். முன்னால் நடக்கிறவனுக்குத் தரை தெரியும். பின்னால் நடக்கிறவனுக்கு என்ன தெரியும்? காலுக்குத்தான் தெரியும்.

என் அண்ணன் அதில் கெட்டிக்காரர். எருமப்பட்டிக்குக் கிழக்கே, கொல்லிமலை கண்ணுக்கு நேராக நிற்கிற எங்கள் பக்கத்தில், அவர் கவலை பூட்டினால் பறி கிணற்றுச் சுவரில் ஒரு தடவைகூட மோதாது என்பார்கள். எங்களிடம் இருந்த செவலை எருது அவர் குரல் கேட்டால்தான் நகரும். நான் ஓட்டினால் பாதிச் சரிவில் நின்றுவிடும். திரும்பி என்னைப் பார்க்கும். அதற்கு இருந்த திமிரை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. எனக்கு அப்போது இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். அண்ணனுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட. அப்பா போன பிறகு அவர்தான் எல்லாம்.

வெள்ளாடுகள் வாரியில் ஏறி ஓரத்து மண்ணைச் சரித்துக்கொண்டே இருந்தன. அதனால் இறைப்பு முடிந்ததும் ஒரு வேலாமுள் கிளையை வெட்டி வாரியின் தலைமாட்டில் குறுக்கே போட்டுவிடுவேன். விடிந்ததும் இழுத்து வேலியோரம் தள்ளிவிடுவேன். இது என் வேலை. அண்ணனுக்கு இது பிடிக்காது. "ஆட்டுக்குப் போட்ட முள்ளு ஆளுக்கு ஏறும். வேண்டாம்டா, படல் கட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குச்சி பின்னிப் படல் கட்ட ஒரு நாள் ஆகும். முள் போட ஒரு நிமிஷம்.

ஒரு சித்திரை மாதம் விடியற்காலையில் கிளையை இழுத்தேன். காய்ந்த கிளை. பாதி வழியில் ஒரு கவடு முறிந்து தங்கிவிட்டது. பார்த்தேன். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று மடை திருப்பப் போய்விட்டேன். அண்ணன் எருதுகளைப் பூட்டி முதல் பறி இழுத்து, பின்னால் நடந்து ஏறும்போது வலது பாதத்தில் முள் ஏறிவிட்டது. அவர் கத்தவில்லை. "ஓய்" என்று எருதுகளை நிறுத்தினார், அவ்வளவுதான். உட்கார்ந்து இன்னொரு முள்ளால் அதைக் கிளறி எடுத்தார். நுனி உள்ளேயே முறிந்துவிட்டது. எருக்கம்பால் வைத்தார். வாரி மண்ணையே ஒரு பிடி எடுத்து அதன்மேல் அப்பினார். ரத்தம் நிற்க நாங்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் அது. திரும்ப எழுந்து இறைக்கத் தொடங்கிவிட்டார்.

நான் ஓடி வந்து அந்தக் கவட்டை எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தேன். அவர் பார்க்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. பிறகு பாதத்தின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்தது. கல் மாதிரி கெட்டி. அழுத்தினால் வலிக்காது. அண்ணன் அதை வைத்து வேடிக்கை பண்ணுவார். "செருப்பு எதுக்கு, எனக்கு உள்ளயே லாடம் கட்டியிருக்குது" என்பார். அது எலுமிச்சை அளவு ஆயிற்று. பாதத்தின் மேல்பக்கமும் புடைத்தது. அப்போதும் வலி இல்லை. வலி இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்போம். வலிக்காத நோவை யார் நோவு என்று நினைப்பார்கள்.

ஆனி மாதத்தில் கட்டி உடைந்தது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கைதான் வெந்நீர் வைத்துக் கழுவினார். துணியில் கறுப்பாகப் பொடிப்பொடியாக வந்திருந்தது. வெயிலில் காட்டிப் பார்த்தார்.

"தம்பி, இங்க வந்து பாருங்க. எள்ளாட்டம் இருக்குது."

எள்ளை இரண்டாய் உடைத்த மாதிரி இருந்தது. விரலில் வைத்து உருட்டினால் நசுங்கவில்லை. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. ஏனென்றால் அந்த வருஷம் கிணற்றை ஒட்டிய எங்கள் எள்ளுக்காடு திட்டுத்திட்டாகக் காய்ந்து கிடந்தது. செடியைப் பிடுங்கினால் வேர் அடுப்புக்கரி மாதிரி கறுத்து, பட்டை உரிந்து வரும். காட்டில் எள் செத்துக்கொண்டிருக்கிறது, அண்ணன் காலில் எள் வருகிறது. எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

மறுநாள் ஒரு வேலையாக எருமப்பட்டிப் பக்கம் போக வேண்டியிருந்தது. அந்தப் பொடியைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். அங்கே ஒரு சின்ன மருந்துக்கொட்டகையில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். தலை நரைத்தவர், வெற்றிலை மென்றுகொண்டே பேசுவார். காகிதத்தைப் பிரித்து நகத்தால் கிள்ளிப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"கால்ல இருந்தா வந்துது?"

"ஆமாங்க."

"முள்ளு கிள்ளு ஏறுச்சா முன்னால?"

தெரியாது என்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

"சேலத்துப் பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுப்பா. நாளக் கடத்தாதே. இப்பப் போனா கட்டிய மட்டும் அறுத்து எடுத்துருவாங்க. எலும்புக்குள்ள போயிருச்சுன்னா காலையே எடுக்கோணும். வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

விளங்காமல் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்லி வருகிறேன். வீட்டுக்கு நடந்த மூன்று மைலும் ஒரே நினைப்பு. சேலத்து டாக்டரும் முள் ஏறியதா என்று கேட்பார். அண்ணனுக்கு வாரி முள் ஞாபகம் வரும். யார் போட்டது என்று வரும். படல் கட்டச் சொன்னேனே என்று வரும். கம்பவுண்டரிடம் போனதையே நான் வீட்டில் சொல்லவில்லை. நங்கை சோறு போட்டுக்கொண்டே, "இது எதனாலதான் வருதோ" என்றார். நான் சொன்னேன்:

"அப்பனுக்கு எள்ளுந்தண்ணியும் உட்டு எத்தன வருசமாச்சு? அவரு கேக்கறாரோ என்னமோ."

அந்த வார்த்தையை நான்தான் போட்டேன். வேறு யாரும் போடவில்லை.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஆமா. மூணு ஆடி தவறிப் போச்சு" என்றார். நங்கை உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமே இல்லை. எங்களுக்கு அது அவ்வளவு பொருந்திப் போயிற்று. செத்தவருக்குக் கொடுக்காத எள் காட்டில் கருகுகிறது, மூத்த மகன் காலில் முளைக்கிறது.

ஆடி அமாவாசைக்கு மோகனூருக்கு வண்டி கட்டினோம். காவிரியில் நல்ல தண்ணீர். அண்ணன் புண் காலோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளை இறைத்தார். நான் பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவை நினைக்கவே இல்லை. கம்பவுண்டரின் நகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து பத்துப் பதினைந்து நாளில் புண் வாய் மூடிவிட்டது. நங்கை கோயிலுக்குப் பொங்கல் வைத்தார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. பொய் சொன்னவனுக்கே அந்தப் பொய் பலித்தால் எப்படி இருக்கும் பாருங்கள். நன்றாகத் தூங்கினேன்.

புரட்டாசியில் மூன்று இடத்தில் உடைந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொல்ல முடியவில்லை. ஒரு வாய் மூடினால் இரண்டு வாய் திறக்கும். பாதம் பூசணிக்காய் மாதிரி உருண்டுவிட்டது, விரல்கள் மேலே தூக்கிக்கொண்டன. முன்னம்பாதத்தை ஊன்ற முடியாமல் குதிகாலால் நடந்தார். அப்படியே பின்னால் நடந்து கவலையும் ஓட்டினார். நான் ஓட்டுகிறேன் என்றால் விடமாட்டார். "செவல உனக்கு நகராது. மொளகாய் காஞ்சு போகும்" என்பார். மறு ஆடிக்கும் மோகனூர் போனோம். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நாள் ஆக ஆக, ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போயிற்று. கட்டி வளர்ந்த மாதிரிதான்.

தை மாதம் ஒரு காலையில் அவர் எழுந்து நின்றார். குதிகாலும் தாங்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். நங்கை என் எதிரில் வந்து நின்றார்.

"தம்பி, நாளைக்கு சேலத்துக்கு பஸ் ஏத்தறீங்களா, இல்ல நானே தூக்கிக்கிட்டுப் போகட்டுமா?"

"ஏத்தறனுங்க நங்கை."

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குக் கரி போட்டு, சக்கரம் மாதிரி ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் புகை கிளப்பினால்தான் வண்டி நகரும். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். அண்ணனைக் கால் நீட்டி உட்கார வைத்தோம். நங்கை அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ராசிபுரத்தில் நெய் டின்களோடு இரண்டு பேர் ஏறினார்கள். அதில் ஒருவர் காலைப் பார்த்துவிட்டு மேல்துண்டால் மூக்கை மூடினார்.

"ஏனுங்க, நாத்தம் தாங்கலீங்களா?" என்று அண்ணன் கேட்டார். "உங்க நெய்யை விட மோசமில்லீங்க. அதுலயும் பாதி என்னமோ கலந்திருக்குது."

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த ஆளும் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தார். நான் ஒரு மேட்டில் இறங்கித் தள்ளினேன். அந்த நேரம்தான் நிம்மதி, அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

சேலத்தில் எங்களைப் பார்த்த டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். அதிகம் பேசாதவர். காலைப் பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஒரு பொடியை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துக் குழாய்க்குள் பார்த்தார்.

"எங்க ஊர்ப் பக்கம் இது நிறைய. மண்ணுல இருக்கிற பூசணம்."

அண்ணன் அவரையே பார்த்தார். "பூசணமுங்களா? அது ஊறுகாயிலதானுங்க பூக்கும்."

"அது மாதிரி ஆயிரம் சாதி இருக்கு. மாட்டுக்கு வட்ட வட்டமா மயிர் கொட்டுது பாத்திருப்பீங்க, அது ஒண்ணு. செடி வேரைக் கருக்குறது ஒண்ணு. இது ஆளுக்குள்ள போறது. தானா போகாது. முள்ளோ கல்லோ வழி பண்ணிக் குடுக்கணும். அந்த முள்ளோட மண்ணும் போயிடும். இந்தக் கறுப்புப் பொடி எல்லாம் அதோட கூடு."

"அப்ப எள்ளு இல்லீங்களா?" என்றார் நங்கை.

"எள்ளா? எந்த எள்ளு?"

நங்கை முந்தானையை இழுத்து அண்ணன் காலை மூடினார்.

"முள்ளு ஏதாவது ஏறுனதா ஞாபகம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குடியானவன் கால்ல ஏறுன முள்ளக் கணக்கு வெக்க முடியுமுங்களா?" என்றார் அண்ணன். "நாளைக்கு நாலு ஏறுது."

டாக்டர் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எலும்பை அரித்துவிட்டது, இதற்கு மருந்து கிடையாது, கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், விட்டால் இன்னும் மேலே போகும் என்றார். அண்ணன் குனிந்து காலைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "எள்ளுச் செடி கருகுனா புடுங்கி எரிக்கறோம். அதே மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான்."

"சரிங்க."

டாக்டர் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, எங்கள் யாரையும் பார்க்காமல், "முதல் தடவை இது உடைஞ்சப்பவே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருப்பேன். காலோட போயிருக்கலாம்" என்றார்.

"எங்களுக்கு யாருங்க சாமி சொன்னாங்க?" என்றார் நங்கை. "ஒருத்தரு, ஒரே ஒருத்தரு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே தூக்கிக்கிட்டு வந்திருக்க மாட்டனுங்களா?"

அந்த அறையில் மருந்து நெடி. ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை உருட்டிக்கொண்டு போனார்கள். நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அறுக்கிறதுக்கு முந்தின நாள் சாயந்தரம் நங்கை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான் அண்ணன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, வாரியில் முறிந்த கவட்டைப் பற்றிச் சொன்னேன். பார்த்தும் எடுக்காமல் போனதைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

"அந்த முள்ளுதான்னு நீ எப்படிக் கண்டே?"

"அதுதானுங்க அண்ணா."

"போடா. இந்தக் கால்ல எத்தன முள்ளு. எவன் எவன் போட்டதோ." கொஞ்சம் கழித்து, "அதையா இத்தன நாளா வயித்துல வெச்சுக்கிட்டு இருந்தே? அதான் ஒரு மாதிரி இருந்தியா?" என்று என் தலையில் கை வைத்தார்.

சின்னதைச் சொல்லிப் பெரியதை மறைத்துக்கொண்டேன். அவர் கை என் தலையில் இருந்த நேரம் முழுக்க அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

காலை எடுத்தார்கள். பங்குனியில் ஊர் திரும்பினோம். அண்ணன் கட்டைக் கழியை அக்குளில் வைத்து மடை திருப்பப் பழகிக்கொண்டார். கவலை ஓட்டுவது என் வேலையாயிற்று. அவர் தொட்டியருகே உட்கார்ந்து குரல் கொடுத்தால் செவலை எனக்கும் நகர்ந்தது.

ஊருக்கு வந்து முதல் நாள் பூட்டும்போது, "செருப்பப் போடு" என்றார்.

"வாரியிலயா? ஊரு பேசுமுங்க."

"கன்னிமாரு கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட வரச் சொல்லு. ஒரு காலு குடுத்தாச்சு, இன்னொன்னு இருக்குது."

ஊர் பேசத்தான் செய்தது. பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் எங்கள் வரப்பில் நடப்பதையே நிறுத்திவிட்டார். அண்ணன் கண்டுகொள்ளவில்லை. தினமும் நான் எருதுகளைப் பூட்டும்போது என் காலைப் பார்ப்பார். "போட்டியா?" என்பார். "போட்டுட்டனுங்க" என்பேன். அப்புறம்தான் குரல் கொடுப்பார்.

வைகாசியில் ஒரு சந்தை நாள். நங்கை விதை வெங்காயம் பார்க்க வேண்டும் என்றதால் அண்ணனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எருமப்பட்டி போனோம். வண்டியை ஒரு புளியமரத்தடியில் அவிழ்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் கம்பவுண்டர் வந்துகொண்டிருந்தார். என் கையில் இருந்த கயிறு நழுவிவிட்டது.

அவர் வண்டியருகே நின்றார். அண்ணன் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

"சேலத்துக்குப் போனீங்களா?"

"போனமுங்க" என்றார் அண்ணன். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எப்பப் போனீங்க?"

"இந்தத் தையிலதானுங்க."

கம்பவுண்டர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லவில்லை. நான் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார் அறுந்து சணல் போட்டுக் கட்டியிருந்தார். சந்தையில் யாரோ கோழிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"கட்டை உரசுற எடத்துல வேப்பெண்ணெ போடுங்க. புண்ணாகாமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நங்கை வெங்காயக் கடைப் பக்கம் போனார். அண்ணன் வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"அவரு ஏன்டா உன்னையே பாத்தாரு?"

"தெரியலீங்க அண்ணா."

வீடு வரும் வரை அவர் வண்டிக்குப் பின்னால் ஓடுகிற பாதையையே பார்த்துக்கொண்டு வந்தார். நங்கைதான் வெங்காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மறுநாள் விடிந்ததும் நான் வாரிக்குப் போனேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்து தொட்டியருகே உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் செருப்பைப் போடாமலே எருதுகளைப் பூட்டினேன். என் வெறுங்காலைப் பார்த்தார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானே போய்ச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் செவலைக்குக் குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் இருந்த பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் செருப்பைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. மற்றதெல்லாம் பேசினார், சிரித்தார், என் கல்யாணத்தை நடத்தி வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. நங்கையிடமும் சொல்லவில்லை. கவலை இறைத்த காலம் வரைக்கும், யாரும் கேட்காமலே, செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வாரியில் பின்னால் நடந்தேன்.